மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போகிறீர்களா? அங்குள்ள வரிசை வீடுகளை இப்படிப் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பாலக்காடு என்று எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து போய் வருகிற பெற்றோர் இப்போது தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். திரும்பி வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் தேம்ஸ் பாலம், கடிகாரக் கோபுரம், அரண்மனை வாசலில் காவலர் மாறுவது என்று மளமளவென்று சொல்வார்கள். பேரப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தினமும் நடந்த தெருவைப் பற்றிக் கேட்டால், "எல்லா வீடும் ஒரே மாதிரி" என்பதோடு சரி. அந்த ஒரே மாதிரிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் இந்தக் குறிப்புகள். டிக்கெட் வேண்டாம், வழிகாட்டி வேண்டாம். கழுத்து மட்டும் கொஞ்சம் வலிக்கும்.

நான் பொதுப்பணித் துறையில் வரைவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கட்டடத்தின் முகத்தைக் கண்டு மயங்குகிற பழக்கம் எனக்கு இல்லை. சுமை எங்கே இறங்குகிறது, மழைநீர் எங்கே போகிறது என்றுதான் கண் தேடும். மகள் பிரிஸ்டலில் இருக்கிறாள். அங்கிருந்து பாத் நகரம் ரயிலில் கால் மணி நேரம். ஆகவே பாத் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். லண்டனும் எடின்பரோவும் இடையிடையே வரும்.

புறப்படும் முன் கல்பாத்தி

விமானம் ஏறுவதற்கு முன் ஒரு நாள் பாலக்காட்டுக் கல்பாத்திக்குப் போய் வாருங்கள். தேர் சமயத்தில் வேண்டாம், கூட்டத்தில் வீடு தெரியாது. சாதாரண நாள் ஒன்றில், வெயில் ஏறுவதற்குள், அக்கிரகாரத் தெருவின் ஒரு கோடியில் நின்று மறுகோடி வரை கூரையைப் பாருங்கள். நடுவில் காங்கிரீட் வீடு முளைக்காத இடங்களில் ஓட்டுக்கூரை ஒரே ஓட்டமாக ஓடும். ஒரு வீடு எங்கே முடிந்து அடுத்த வீடு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் பாடம். திண்ணையில் ஒரு சிறு தடுப்பு இருக்கும், அல்லது படி மாறும், அல்லது தூணின் வண்ணம் மாறும். அந்த இடத்துக்குப் பின்னால்தான் பொதுச்சுவர் போகிறது. அது பிடிபட்டுவிட்டால் பாதி வீடு பிடிபட்ட மாதிரி.

இருபுறமும் பொதுச்சுவர் உள்ள வீட்டில் பக்கவாட்டில் ஜன்னல் வைக்க முடியாது. அங்கிருந்துதான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது. நடுவீட்டுக்கு வெளிச்சம் எப்படி வரும்? கூரையில் விழுகிற தண்ணீர், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வராமல், எந்தப் பக்கம் போகும்? அடுப்புப் புகை எப்படி வெளியேறும், தீப்பிடித்தால் தெரு முழுவதும் போகாமல் எது தடுக்கும்? கல்பாத்தியின் பழைய வீடுகள் இதற்கெல்லாம் விடை வைத்திருக்கின்றன. ரேழி வழியாக உள்ளே போனால் கூடத்தை ஒட்டி முற்றம், மேலே வானம். தண்ணீர் ஓட்டுச் சரிவில் இறங்கிக் கொஞ்சம் தெருவிலும் கொஞ்சம் முற்றத்திலும் மீதி கொல்லையிலும் விழும். அடுக்களை பின்கட்டில், கிணற்றடிக்குப் பக்கத்தில். தெரிந்தவர் வீடு இருந்தால் உள்ளே போய்க் கூடத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். முற்றத்தின் மேல் கண்ணாடி ஓடு போட்டு மூடியிருந்தாலும் ஒளி விழுகிற இடம் தெரியும்.

இங்கிலாந்துத் தெருவிலும் இதே கேள்விகளைத்தான் கேட்கப்போகிறோம்: வெளிச்சம், தண்ணீர், தீ. கூடவே நாலாவதாகப் பணம்.

யாருடைய பணம்

நாம் பார்க்கப்போகிற வரிசை வீடுகள் ஜார்ஜியன் காலத்தவை. அதாவது 1714 முதல் 1830 வரை, ஜார்ஜ் என்ற பெயருடைய நான்கு மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்ட காலம். நம் பக்கத்துக் கணக்கில் நினைவு வைப்பது எளிது. ஐதர் அலி பாலக்காட்டுக் கோட்டையைக் கட்டியது 1766இல். அடுத்த ஆண்டு பாத் நகரில் ராயல் கிரெசன்ட் என்ற பிறை வடிவ வீட்டு வரிசையின் வேலை தொடங்கியது. இங்கே பீரங்கியை நினைத்துச் சுவர் எழுப்பிய நாளில், அங்கே வெந்நீர் ஊற்றுக்கு வருகிற பணக்காரருக்கு வாடகை வீடு எழும்பிக்கொண்டிருந்தது.

இந்த வரிசைகளை ஒரு ராஜாவோ அரசாங்கமோ கட்டவில்லை. நிலக்காரர் நிலத்தை விற்காமல் நீண்ட குத்தகைக்கு விடுவார். 99 வருடக் குத்தகை மிகச் சாதாரணம். எடுத்தவர் அதைத் துண்டு போட்டுக் கொத்தனாருக்கும் தச்சருக்கும் உள்குத்தகை விடுவார். அவர்கள் கடன் வாங்கிக் கட்டி, வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ பிழைப்பார்கள். குத்தகை முடிந்தால் வீடும் சேர்ந்து நிலக்காரருக்கு. பாத் நகரின் குவீன் ஸ்குவேரில் கட்டடக் கலைஞர் மூத்த ஜான் வுட் 1729 வாக்கில் செய்தது இதுதான். உள்குத்தகை எடுத்தவர்கள் தெருமுகத்தை மட்டும் அவர் வரைந்தபடி கட்ட வேண்டும், பின்னால் என்ன கட்டினாலும் அவரவர் இஷ்டம். அந்தச் சதுக்கத்தின் வடக்குப் பக்கத்தைப் பாருங்கள். நடுவில் முக்கோண முகப்பு, இரு கோடியிலும் சற்று முன்தள்ளிய பகுதிகள், மொத்தத்தில் ஒரே அரண்மனை. உள்ளே தனித்தனி வீடுகள், தனித்தனி வாடகை. ஒரு வீட்டுக்குக் குடிவந்தவர் அரண்மனைக்குக் குடிவந்த மாதிரி நடந்துகொள்ளலாம். வியாபாரத் தந்திரம் என்றால் இது தந்திரம்.

இன்னொன்று சட்டம். 1666இல் லண்டன் எரிந்தது. அடுத்த ஆண்டே மரவீடு கூடாது, செங்கல் அல்லது கல்தான் என்று சட்டம் வந்தது. 1774ஆம் ஆண்டுச் சட்டம் லண்டன் வீடுகளை நான்கு தரமாகப் பிரித்தது. 850 பவுண்டுக்கு மேல் மதிப்பும் 900 சதுர அடிக்கு மேல் பரப்பும் இருந்தால் முதல் தரம். 150 பவுண்டுக்கும் 350 சதுர அடிக்கும் குறைந்தால் நாலாம் தரம். எந்தத் தரத்துக்குப் பொதுச்சுவர் எத்தனை கனம் என்றும் எழுதிவைத்தது. எங்கள் அலுவலகத்தில் மதிப்பீட்டுப் பட்டியலோடு காலம் தள்ளியவளுக்கு இதைப் படித்தபோது பழைய மேலதிகாரியைக் கண்ட மாதிரி இருந்தது.

தெருவுக்கு வந்தாயிற்று

எதிர்ப்புற நடைபாதையில் நில்லுங்கள். வீட்டுப் பக்கத்து நடைபாதையில் நின்றால் கதவும் கம்பியும்தான் தெரியும். காலையா மாலையா என்பதை வெயில் சொல்லும். முகப்பில் சாய்வாக வெயில் விழுகிற நேரம் நல்லது, வளைவு நெளிவு எல்லாம் நிழல் போட்டுக் காட்டிக் கொடுக்கும். வானம் மூடியிருந்தால் கவலை வேண்டாம், அந்த ஊரில் அதுதான் வழக்கம்.

கதவைப் பார்க்க ஆசை வரும். அடக்கிக்கொண்டு கூரையிலிருந்து தொடங்குங்கள். கல்பாத்தியில் செய்த அதே வேலை: ஒரு வீடு எங்கே முடிகிறது? கூரைக்கு மேலே புகைபோக்கிக் கட்டுகள் நிற்கும். அவை பெரும்பாலும் பொதுச்சுவரின் தலையில்தான் நிற்கின்றன. லண்டனில் கற்பலகை ஓட்டைக் குறுக்கே கிழித்துக்கொண்டு குட்டைச் சுவர் ஒன்று எழும்பியிருப்பதும் தெரியும். தீ ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்குத் தாவக்கூடாது என்று பொதுச்சுவரைக் கூரைக்கு மேலே எழுப்பச் சொன்ன சட்டத்தின் வேலை அது. அந்தக் கோட்டிலிருந்து நேர்கீழே கண்ணை இறக்குங்கள். மழைநீர்க் குழாயோ வண்ண மாற்றமோ தட்டுப்படும். இரண்டு கோட்டுக்கு நடுவே உள்ளதுதான் ஒரு வீடு. பெரும்பாலும் மூன்று ஜன்னல் அகலம்.

ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு புகைபோக்கியின் மேல் உள்ள மண்குழாய்களை எண்ணுங்கள். ஏறக்குறைய ஒரு குழாய்க்கு ஓர் அடுப்பு. பத்துக் குழாய் இருந்தால் அந்தச் சுவருக்குள் பத்துப் புகைவழிகள் தனித்தனியாக ஏறி வருகின்றன. பொதுச்சுவர் அத்தனை கனமாக இருப்பதற்கு இதுவும் காரணம். இந்தப் புகைவழிகளைச் சுத்தம் செய்யச் சிறுவர்களைத்தான் உள்ளே ஏற்றினார்கள். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையை வைக்கக் கூடாது என்று 1788இல் சட்டம் வந்தது. எட்டு ஆனவனை ஏற்றலாம் என்று அதற்குப் பொருள். அழகான முகப்பு என்று வாய் பிளக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது தண்ணீர். நம் ஊரில் கூரை தெருவை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும், மழை சுவரைத் தொடாது. அங்கே கூரையே கண்ணில் படாது. முகப்புச் சுவர் கூரைக்கு மேலே எழும்பிக் கைப்பிடிச்சுவராக நிற்கும். லண்டனில் 1707ஆம் ஆண்டுச் சட்டம் மரத்தாலான கூரை விளிம்பைத் தடை செய்தது, அதுவும் தீக்குப் பயந்துதான். கூரையை மறைத்தால் முகப்பு கோவிலைப் போலக் கம்பீரமாக இருக்கும் என்கிற ஆசையும் சேர்ந்துகொண்டது. விளைவு, தண்ணீர் கைப்பிடிச்சுவருக்குப் பின்னால் ஈயத்தகடு பதித்த ஓடையில் தேங்கிப் பிறகு குழாய்க்குப் போக வேண்டும். இலை அடைத்தால் போச்சு. மேல்மாடிச் சுவரில் கைப்பிடிச்சுவருக்குக் கீழே பச்சையாகவோ கறுப்பாகவோ கறை இறங்கியிருந்தால் அந்த ஓடை கசிகிறது என்று வீட்டுக்காரரைக் கேட்காமலே சொல்லிவிடலாம். எங்கள் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் அந்த அமைப்பை நான் ஒரு நாளும் அனுமதிக்க மாட்டேன்.

ஜன்னலில் நேரம் செலவழியுங்கள்

வெளிச்சத்துக்கு அவர்கள் முற்றம் வைக்கவில்லை, குளிர். அதற்குப் பதிலாக வீட்டைச் சன்னமாக வைத்தார்கள். முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, ஓரமாகப் படிக்கட்டு, ஒவ்வொரு மாடியிலும் இதே. ஆக எந்த அறைக்கும் ஒரு பக்கம் வெளிச்சம் உண்டு. எங்கள் வீடு தரையில் நீண்டுகொண்டே போகும், அவர்கள் வீடு மேலே ஏறிக்கொண்டே போகும்.

ஜன்னல்களின் உயரத்தை மாடிக்கு மாடி ஒப்பிடுங்கள். தரைத்தளத்தில் நடுத்தரம். முதல் மாடியில் மிக உயரம், அகலத்தைப் போல் இரண்டு மடங்கோ அதற்கும் மேலோ. அதற்கு மேல் குட்டை. உச்சியில் ஏறக்குறைய சதுரம். விருந்தினரை உட்காரவைக்கும் கூடம் முதல் மாடியில் இருந்தது; அதனால் அங்கே உயரமான ஜன்னல். பிள்ளைகள் அதற்கு மேல், வேலைக்காரர்கள் உச்சியில். யாருக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதைத் தெருவிலிருந்தே படித்துவிடலாம்.

காலம் கணிக்க ஜன்னலைப் போல உதவுவது வேறில்லை. லண்டனில் என்றால் மரச்சட்டம் சுவரின் முகத்தோடு சமமாக இருக்கிறதா, உள்ளே தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். 1709இல் நாலு அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னார்கள். 1774இல் ஜன்னலின் எடை தொங்குகிற மரப்பெட்டியையே செங்கலுக்குப் பின்னால் ஒளித்துவைக்கச் சொன்னார்கள். சமமாக இருந்தால் பழையது, தள்ளியும் பெட்டி தெரிந்தால் நடுக்காலம், மெல்லிய மரவிளிம்பு மட்டும் தெரிந்தால் பிந்தியது. மற்ற ஊர்களில் இந்த மாற்றங்கள் தாமதமாக வந்தன, ஆகவே அங்கே ஆண்டைக் குறித்துச் சத்தியம் செய்ய வேண்டாம்.

அடுத்து கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள குறுக்குச் சட்டங்கள். தொடக்க காலத்தில் கட்டைவிரலை விடக் கனம். பிறகு பிறகு மெலிந்து பென்சில் அளவுக்கு வந்துவிடும். மேலே ஆறு, கீழே ஆறு என்று கண்ணாடித் துண்டுகள் சின்னதாக இருப்பதற்குக் காரணம் அந்தக் காலத்துக் கண்ணாடி. ஊதி, சுழற்றி, வட்டத் தட்டாக்கி, அதிலிருந்து துண்டு வெட்டுவார்கள். பெரிய துண்டு கிடைக்காது. பழைய கண்ணாடி இன்னும் இருக்கிற ஜன்னலில் எதிர்வீட்டின் பிம்பம் நெளியும். நீங்கள் ஓர் அடி இடது பக்கம் நகர்ந்தால் நெளிவும் நகரும். புதுக் கண்ணாடியில் பிம்பம் அசையாமல் நேராக நிற்கும். ஒரே ஜன்னலில் இரண்டு துண்டு நெளிந்து, மற்றதெல்லாம் நேராக நிற்பதைப் பார்த்தால் எது உடைந்து எது பிழைத்தது என்று தெரிந்துவிடும்.

இது மேலும் கீழும் தள்ளித் திறக்கிற ஜன்னல். சுவருக்குள் உள்ள பெட்டியில் கயிற்றில் கட்டிய எடை தொங்கும், அதனால்தான் எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கிறது. மேல்பாதிச் சட்டத்தின் இரண்டு கீழ்மூலைகளையும் உற்றுப் பாருங்கள். சின்னக் கொம்பு மாதிரி மரம் கீழே நீட்டிக்கொண்டிருந்தால் அது ஜார்ஜியன் ஜன்னல் இல்லை. பின்னால் விக்டோரியா காலத்தில் பெரிய, கனமான கண்ணாடி வந்தபோது மூட்டு விடாமல் இருக்கச் சேர்த்தது அது. இந்த ஒரு குறிப்பை வைத்துக்கொண்டு என் மகளின் தெருவில் எது அசல், எது மாற்றியது என்று பேரனே இப்போது சொல்கிறான்.

செங்கல் வைத்து அடைத்த ஜன்னலைக் காட்டி "ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தார்கள்" என்று யாராவது சொல்வார்கள். வரி இருந்தது உண்மை, 1696 முதல் 1851 வரை. சிலர் அடைத்ததும் உண்மை. ஆனால் எல்லா அடைப்பும் வரிக்கதை இல்லை. உள்ளே புகைவழி ஏறுகிற இடத்தில், வெளியே மட்டும் வரிசை கெடாமல் இருக்கத் தொடக்கத்திலேயே போலி ஜன்னல் வைப்பார்கள். மேலே பாருங்கள். அந்த அடைப்புக்கு நேராகப் புகைபோக்கி நின்றால் அது பெரும்பாலும் போலிதான்.

கதவும் பள்ளமும்

இப்போது தெருவைக் கடந்து கதவுக்குப் போகலாம். கதவுக்கு மேல் விசிறி போல் விரிந்த கண்ணாடி அலங்காரம் என்றுதான் படம் எடுக்கிறார்கள். அதன் வேலை ரேழிக்கு வெளிச்சம் தருவது. கதவு மரப்பலகை, பக்கத்தில் பொதுச்சுவர், வேறு வழி இல்லை. வாசலில் காலணிச் சேற்றைத் தேய்க்கிற இரும்புத் தகடு இருக்கும். சில இடங்களில் கவிழ்த்த கூம்பு ஒன்று கிராதியில் தொங்கும், தீவட்டியை அதற்குள் செருகி அணைப்பதற்கு.

கதவுக்கும் நடைபாதைக்கும் நடுவே கிராதி போட்ட ஒரு பள்ளம் இருக்கும். அதை எட்டிப் பாருங்கள், ஆனால் நாகரிகமாக; கீழே இப்போது யாரோ குடியிருப்பார்கள். அந்தக் காலத்தில் சமையலறையும் வேலைக்காரர்களும் அந்தக் கீழ்த்தளத்தில். பள்ளத்தின் மறுபக்கம், நீங்கள் நிற்கிற நடைபாதைக்கு அடியில், நிலக்கரி அறை. நடைபாதைக் கல்லில் வட்டமான இரும்பு மூடி தெரிந்தால் அதன் வழியாகத்தான் நிலக்கரி கொட்டினார்கள். வண்டிக்காரன் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டியதில்லை. மூடியில் உள்ள பூவேலை அழகுக்கு மட்டும் இல்லை, மழையில் நடப்பவர் வழுக்காமல் இருக்கவும்தான்.

வரைவாளராக எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இங்கே இருக்கிறது. கீழ்த்தளத்துக்கு அவர்கள் ஆழமாகத் தோண்டவில்லை. கொஞ்சம் தோண்டி, அந்த மண்ணை முன்னால் கொட்டித் தெருவை உயர்த்திவிட்டார்கள். முன்னால் பூமிக்குக் கீழே இருக்கிற சமையலறை, பின்னால் போனால் தோட்டத்தோடு ஏறக்குறைய சமமாகத் திறக்கும். தெருதான் செயற்கை. குறுக்குவெட்டு வரைந்தால் ஒரே கோட்டில் எல்லாம் புரிந்துவிடும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரைந்து பாருங்கள், கலை தெரிய வேண்டியதில்லை.

கிராதி இல்லாத வீட்டில் கல்லின் மேல் வரிசையாகச் சின்ன இரும்புக் குச்சங்கள் அறுபட்டு நிற்கும். இரண்டாம் உலகப் போரில் பழைய இரும்புக்காக அறுத்துக்கொண்டு போனவை. கல்லில் குழி வெட்டிக் காய்ச்சிய ஈயம் ஊற்றிப் பதித்திருந்ததால் பிடுங்க முடியவில்லை.

செங்கல்லைத் தொட்டுப் பார்க்க

பாத் நகரம் தேன் நிறச் சுண்ணாம்புக் கல். லண்டன் செங்கல். செங்கல் வீட்டில் உயரம் அளக்க நாடா வேண்டாம். நாலு வரிசைக்கு ஏறக்குறைய ஓர் அடி என்று வைத்து எண்ணினால் ஜன்னல் உயரம் வந்துவிடும். முகப்பில் ஒரு செங்கல் நீளவாட்டில், அடுத்த செங்கல் தலை (குட்டைப் பக்கம்) மட்டும் தெரியும்படி, மாறி மாறி இருக்கும். தலை காட்டுகிற கல் சுவருக்குள் ஊடுருவி இரண்டு அடுக்கையும் பிணைக்க வேண்டும். ஆனால் மிச்சம் பிடிக்கிற மேஸ்திரி எந்த ஊரிலும் உண்டு. நல்ல கல்லைப் பாதியாக உடைத்து முகத்தில் மட்டும் தலை போலக் காட்டி, பின்னால் மட்டமான கல் வைத்துக் கட்டியிருப்பார்கள். நூற்றாண்டு கழித்து முகப்பு வயிறு தள்ளும். தெருவோரமாகச் சுவரை ஒட்டிக் கண்ணை வைத்துப் பாருங்கள், தள்ளல் தெரியும். சுவரில் வட்டமாகவோ குறுக்காகவோ இரும்புத் தகடு பதித்திருந்தால், உள்ளிருந்து கம்பி போட்டு இழுத்துப் பிடித்திருக்கிறார்கள்.

பழுதுபார்த்த இடத்தில் சாந்து சாம்பல் நிறமாக, கல்லை விடக் கடினமாக இருந்தால் அது சிமெண்ட். பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்து வழியாக ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கும், ஈரம் கல் வழியாகப் போகும், கல்லின் முகம் உதிரும். கல்பாத்தியிலும் சித்தூரிலும் இதையேதான் செய்துகொண்டிருக்கிறோம், எனவே அங்கே போய் உச்சுக்கொட்ட நமக்கு அருகதை இல்லை.

நிறத்தை நம்ப வேண்டாம். டவுனிங் தெரு 10ஆம் எண் வீட்டின் செங்கல் மஞ்சள். லண்டன் புகை கறுப்பாக்கியது. 1960களில் சுத்தம் செய்தபோது மஞ்சள் வெளிவந்தது. மக்கள் பழகிய முகம் மாறக்கூடாது என்று கறுப்பு வண்ணம் பூசிவிட்டார்கள்.

பின்பக்கம்

ராயல் கிரெசன்டுக்கு வருவோம். மூத்த ஜான் வுட் 1754இல் இறந்த பிறகு மகன் இளைய ஜான் வுட் கட்டியது. பிறை வடிவில் 30 வீடுகள், தலையில் சுருள் வேலை கொண்ட அயோனிக் தூண்கள் 114. தரைத்தளம் அலங்காரம் இல்லாமல் பீடம் போல் இருக்க, தூண்கள் மேல் இரண்டு தளங்களையும் ஒரே பாய்ச்சலில் தாண்டி நிற்கின்றன. முன்னால் புல்வெளி, அதில் தூரத்திலிருந்து தெரியாத ஒரு பள்ளச்சுவர், மேய்கிற மாடு வாசலுக்கு வந்துவிடாமல். எல்லாரும் புல்வெளியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

நான் பின்பக்கம் போக வேண்டும் என்றேன். "அங்கே என்ன இருக்கிறது அத்தை, குப்பைத் தொட்டிதான்" என்றார் மருமகன். "வாருங்கள் மாப்பிள்ளை, வீடு அங்கேதான் இருக்கிறது" என்று கூட்டிப்போனேன். முன்னால் ஒரே அளவில் ஓடிய வரிசை பின்னால் சிதறிப்போயிருக்கிறது. ஒரு வீடு முன்தள்ளி, ஒன்று உள்வாங்கி, கூரை ஏறி இறங்கி, ஜன்னல்கள் இஷ்டத்துக்கு. வாங்கினவர்கள் முகப்பில் இத்தனை அடி என்று வாங்கிக்கொண்டு, பின்னால் அவரவர் ஆளை வைத்து அவரவர் வசதிக்குக் கட்டியது கண்முன்னால் நிற்கிறது. மருமகன் கணினிக்காரர். சற்று நேரம் பார்த்துவிட்டு, "முகப்பு மட்டும் பொதுத்திட்டம், மற்றதெல்லாம் தனியார் வேலை" என்றார். சரியாகப் பிடித்துக்கொண்டார்.

லண்டனில் பின்பக்கம் போனால் இன்னொன்று கிடைக்கும். முன்னால் ஒளித்துவைத்த கூரை பின்சுவரின் உச்சியில் தெரிந்துவிடும், நடுவில் பள்ளம் விழுந்து இரு பக்கமும் ஏறிய வடிவில். தண்ணீர் பொதுச்சுவர்களிலிருந்து நடுவுக்கு வந்து, நடு ஓடை வழியாகப் பின்னால் இறங்குகிறது. குதிரை லாயங்கள் இருந்த சந்துகளும் பின்னால்தான்; இப்போது அவை விலை உயர்ந்த வீடுகள்.

உள்ளே போக

குடியிருக்கிற வீட்டுக்குள் போக முடியாது. மூன்று இடங்கள் போதும். பாத் நகரில் ராயல் கிரெசன்ட் 1ஆம் எண் வீடு அருங்காட்சியகம். எடின்பரோவில் ராபர்ட் ஆடம் 1791இல் வரைந்த சார்லட் சதுக்கத்தின் 7ஆம் எண் வீடு. லண்டனில் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் சர் ஜான் சோன் என்ற கட்டடக் கலைஞர் மூன்று வீடுகளைச் சேர்த்துத் தனக்கென்று கட்டியது. இந்த மூன்றாவதற்கு நுழைவுக் கட்டணம் இல்லை. முதல் இரண்டில் சமையலறையைத் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள், பிறகு படிக்கட்டில் ஏறிக்கொண்டே கைப்பிடி எந்த மாடியில் எளிமையாகிறது என்று கவனியுங்கள். அங்கேதான் எசமானர் வீடு முடிந்து வேலைக்காரர் வீடு தொடங்குகிறது. சோன் வீட்டில் தலையைத் தூக்கியே நடங்கள். பக்கச்சுவரில் கிடைக்காத வெளிச்சத்தை அந்த மனிதர் கூரையைத் திறந்து கண்ணாடி போட்டு நடுவீட்டுக்கு இறக்கியிருக்கிறார். முற்றத்து வீட்டில் பிறந்தவர்களுக்கு அங்கே விளக்கம் தேவைப்படாது.

இந்த வீடுகளில் பெரும்பாலானவை சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவை. ஜன்னலை மாற்றவும் அனுமதி வேண்டும். 1970களில் ராயல் கிரெசன்டில் 22ஆம் எண் வீட்டின் வெள்ளைக் கதவுக்கு உரிமையாளர் மஞ்சள் வண்ணம் பூசினார். நகராட்சி மாற்றச் சொன்னது. விவகாரம் விசாரணை வரைக்கும் போய், கடைசியில் மஞ்சளே நிலைத்தது. அந்தக் கதவைத் தேடிக் கண்டுபிடிப்பதைப் பேரப்பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் அதற்குள் இரண்டு பக்கத்துப் பொதுச்சுவரையும் புகைபோக்கியை வைத்துக் குறித்துக்கொள்ளலாம்.

செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். பாத் நகரம் முழுவதும் ஏற்றம். ரயில் நிலையத்திலிருந்து குவீன் ஸ்குவேர், அங்கிருந்து மேலே சர்க்கஸ் என்கிற வட்டத் தெரு, பிறகு ராயல் கிரெசன்ட் என்று ஏறினால் தந்தையின் வேலையிலிருந்து மகனின் வேலைக்குக் காலவரிசைப்படியே போவீர்கள். மூட்டுவலி உள்ளவர்கள் மேலே வரை டாக்சியில் போய், அதே வழியைத் தலைகீழாக இறங்கிவரலாம்.